கொரங்காட்டில் கேட்ட ‘வாரேன்’

எங்கள் பகுதியில் மாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்டு வைத்திருக்கும் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். என் பங்காளிக்கு உரிய கொரங்காடு ஒன்று, பல்லடத்திலிருந்து காங்கேயம் போகும் பேருந்துகளின் சத்தம் காதில் விழும் தொலைவில் இருக்கிறது. சுற்றிலும் ஆள் உயரக் கிளுவை முள்வேலி. உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள். நடுவில் பனந்தோப்பு. தோப்பின் ஓரத்தில் முனியப்பன் மேடையும், அவருக்கு நேர்ந்து வைத்த மண்குதிரைகளும். நான் சிறுவயது முதல் அறிந்த இடம் அது. எந்த வேளையிலும் தனியே கடந்திருக்கிறேன். அச்சம் என்ற ஒன்றை அங்கே உணர்ந்ததில்லை. சென்ற மார்கழியின் ஒரு காலைப் பொழுது வரை அப்படித்தான் இருந்தது.

அன்று அங்கே பள்ளிப் பெண்களுக்கான ஓட்டப் பந்தயம் நடைபெற்றது. மைதானத்தைச் சுற்றி ஓடுவதன்று. காடு, மேடு, பள்ளம் வழியே ஓடுவது. பிள்ளைகள் அதைக் கிராஸ் கன்ட்ரி என்கிறார்கள். ஒரு பள்ளிக்கு நால்வர். அவரவர் எத்தனையாவதாக வந்தனரோ அந்த எண்களைக் கூட்டுவார்கள். எந்தப் பள்ளியின் கூட்டுத்தொகை குறைவோ அந்தப் பள்ளிக்கே கோப்பை. ஆகையால் முன்னே பறந்து வருகிறவள் மட்டும் அணியைக் காப்பாற்றிவிட இயலாது. பின்னே தள்ளாடி வருகிறவளின் எண்ணும் அதே கணக்கில்தான் சேரும்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் அணியில், அப்படிப் பின்னே வருகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. அதற்கு முந்தைய ஆண்டு அவள் ஒருத்தி பின்தங்கியதால் கோப்பை கைநழுவியது. மற்ற மூவரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அது என் காதில் விழும்.

“கட்டவண்டி வந்துருச்சாடி?” என்பாள் அணித்தலைவியான நெட்டைப் பெண்.

“இல்லடி. அச்சு முறிஞ்சு மொளகாய்க் காட்டுகிட்ட நிக்குது,” என்பாள் கண்ணாடி அணிந்தவள்.

“ரெண்டு மாடு பூட்டியும் நகுல மாட்டேங்குதே!” என்று மூன்றாமவள் முடித்து வைப்பாள்.

என் பேத்தி சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வாள். அவர்கள் போன பிறகு என்னிடம் வருவாள். “எனக்குப் பேரு வெச்சது நீங்கதானே அப்புச்சி? அதையே கூப்புடச் சொல்லுங்க அவளுகள.”

இருந்தபோதிலும் அந்நால்வருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மாடு மேய்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் காணாத இடத்தில் குரல் கொடுத்துக்கொள்வது போல, முன்னே ஓடுகிறவள் “ஓய்!” என்பாள், பின்னே வருகிறவள் “வாரேன்!” என்பாள். அந்தக் குரலை வைத்து, எவ்வளவு தொலைவில் வருகிறாள் என்று முன்னவள் அறிந்துகொள்வாள். மிகவும் பின்தங்கினால் சற்றே வேகத்தைக் குறைப்பாள். கேலி செய்த அதே பெண்கள்தான் இதையும் செய்தார்கள் என்பதை நான் சொல்லாமல் விடலாகாது.

பந்தயத்துக்கு முன்னதாக உடற்கல்வி ஆசிரியை அவளைத் தனியே அழைத்துப் பேசியிருக்கிறார். “இந்தத் தடவையும் பின்னாடி நின்னுபோட்டீன்னா ஒம்பதாங் கிளாஸ் புள்ளயச் சேர்த்திருவேன் அம்மணி. மிஸ்ஸுக்கு வேற வழி இல்ல.” அதை எனக்குச் சொன்னபோது அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், உண்ணவில்லை. “கோப்பை போனாக் கெடக்குதுங்க அப்புச்சி. அவளுக மூணு பேரும் ஓடறப்ப நான் ஊட்டுல உக்காந்திருக்கக் கூடாது. அவ்ளோதான்.”

எங்கள் பிள்ளைகளின் விடியற்காலைப் பயிற்சியும் அந்தக் கொரங்காட்டில்தான். அப்போதும் பந்தயத்தன்றும் எனக்கு ஒரு வேலை இருந்தது. வேலியில் ஆள் நுழையும் வழியைக் கடவு என்போம். அதை மரச்சட்டப் படல் ஒன்று மூடியிருக்கும். ஓடுகிறவர்கள் அதன் வழியே உள்ளே சென்று, தோப்பைச் சுற்றிக்கொண்டு, அதன் வழியே வெளியே வர வேண்டும். வெளியே கூப்பிடு தூரத்தில் முடிவுக்கோடு. “ஏப்பா, ஒரு மாடு வெளிய போச்சுன்னாலும் நீதான் புடிச்சுட்டு வரோணும்,” என்று சொல்லித்தான் என் பங்காளி காட்டைக் கொடுத்தார். ஆகவே கடவில் நான் நின்றேன்.

பந்தயத்தை நடத்தியவர்கள் வெளியூர்க்காரர்கள். வழி காட்டுவதற்காக முதல்நாள் மாலையில் மரங்களில் சிவப்புத் துணிக் கீற்றுகளைக் கட்டியிருந்தார்கள். முனியப்பன் மேடைக்குப் பின்னால் இருக்கும் வேல மரத்தில் எங்கள் சனங்கள் வேண்டுதலுக்காகக் கட்டிய சிவப்புத் துணிகள் கிளை தெரியாமல் தொங்குவதை அவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பளிச்சென்ற வெயிலில் பார்த்தால் இரண்டும் வேறு என்பது குழந்தைக்கும் விளங்கும். அன்று வெயில் வரவில்லை. பனிமூட்டம் வந்தது.

அவ்வளவு அடர்த்தியான மூட்டத்தை எங்கள் பக்கத்தில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். படலைப் பிடித்திருந்த என் கை தெரிந்தது. எதிரே நின்ற வெள்வேல மரம் தெரியவில்லை. விசில் ஊதியதும் பிள்ளைகள் என்னைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். காலடி ஓசை சிறிது நேரம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. மாடுகள் மேயாமல், தலையைத் தூக்கி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. வேலிக்கு அப்பால் இருக்கும் கோழிப்பண்ணையிலிருந்துகூடச் சத்தம் இல்லை. அவ்வப்போது தோப்புக்குள்ளிருந்து “ஓய்!” என்றும், “வாரேன்!” என்றும் எங்கள் பிள்ளைகளின் குரல் மட்டும் வந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

முதலில் வெளியே வந்தவர்களில் எங்கள் பெண்கள் மூவரும் இருந்தார்கள். துடியலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பள்ளியின் மூவரும் அவர்களோடு முன்னும் பின்னுமாக வந்தார்கள். பிறகு மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆசிரியை கணக்குப் பார்த்துவிட்டு முடிவுக்கோட்டிலிருந்தே கத்தினார். “ரெண்டு டீமும் சமம்! நாலாவது ஆளு யாரு முன்னால வர்றாங்களோ அவங்களுக்குத்தான் கப்பு!”

உள்ளே மிஞ்சியிருந்தது இருவர் மட்டுமே. எங்கள் நான்காமவளும், அவர்களுடைய நான்காமவளும்.

மூன்று பெண்களும் மூச்சு வாங்கியவாறு கடவுக்கு ஓடி வந்தார்கள். நெட்டைப் பெண் வாயருகே கை குவித்து “ஓய்!” என்றாள்.

“வாரேன்!”

தெளிவாகக் கேட்டது. என் பேத்தியின் குரல். அதைப் பற்றி எனக்கு ஐயமில்லை. பிறந்தது முதல் நான் கேட்டு வரும் குரல்.

“அந்தா, கிட்டத்துலயே இருக்கறா!” என்றாள் கண்ணாடிக்காரி. “வழி தெரியாம நிக்கறா போலடி. வாங்கடி, போய்க் கூட்டியாரலாம்.”

“ஏனுங்க கண்ணு, பந்தயத்துல திரும்ப உள்ள போகலாமா?” என்று கேட்டேன்.

“நாங்கதான் ஓடி முடிச்சுட்டமுங்களே, தாத்தா!” என்று சொல்லிக்கொண்டே மூவரும் மூட்டத்துக்குள் நுழைந்தார்கள். “ஓய்!” என்றார்கள். “வாரேன்!” என்றது. சற்றே தள்ளி மீண்டும் “ஓய்!” “வாரேன்!” குரல் கடவை நோக்கி வரவில்லை, தோப்பை நோக்கிப் போயிற்று. அவர்களும் அதன் பின்னே போனார்கள்.

அவ்வேளையில் எனக்கு இடப்புறம், வேலியோரமாக, எவரோ புல்லை மிதித்து வரும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் பேத்தி. ஒரு கையால் கிளுவை வேலியைத் தடவிக்கொண்டும், மறு கையால் எதிரணிப் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டும் வந்தாள். முள் கிழித்த உள்ளங்கையிலிருந்து இரத்தம் சொட்டியது. இருவரும் வாயை இறுக மூடியிருந்தார்கள். கடவைத் தாண்டியதும் என் பேத்தி அந்தக் கையை உதறினாள்.

“இனி ஓடு புள்ள. வெசையா ஓடு.”

இருவரும் ஓடினார்கள். அத்தகைய ஓட்டத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. கோப்பைக்காக ஓடுகிறவர்கள் பக்கத்தில் வருகிறவளைப் பார்ப்பார்கள். இவர்கள் அப்படிப் பார்க்கவே இல்லை. பின்னே எதையோ விட்டு வந்தவர்களைப் போல ஓடினார்கள். ஒரு காலடி வித்தியாசத்தில் எதிரணிப் பெண் முன்னதாகக் கோட்டைத் தொட்டாள். கோப்பை இரண்டாம் முறையாகப் போயிற்று.

என் பேத்தி அழவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் திரும்பி வந்தாள்.

“அவளுக எங்கீங்க அப்புச்சி?”

“உன்னையத் தேடித்தான் உள்ள போனாளுக. நீதான் வாரேன் வாரேன்னு கொரல் குடுத்தியே, கண்ணு.”

“நான் குடுக்கலீங்க. ரெண்டு பேரும் வாயே தொறக்கலீங்க. குதிரைகிட்ட இந்தப் புள்ள துணியப் பார்த்து வழி தப்பி நின்னு அழுதுட்டிருந்தா. என்னையப் பார்த்ததும், ‘இப்பத்தானே அக்கட்டால போனே, மறுக்கா எப்படி இக்கட்டால வாரே’ன்னு கேட்டா. அப்பறம் எனக்கே கேட்டுச்சுங்க அப்புச்சி. என்ற கொரல். குதிரைக்குப் பின்னாடி. அதனாலதான் சத்தமே போடாம, பொட்டாட்ட வேலியப் புடிச்சுட்டு வந்தோம்.”

அவள் சொல்லி முடிக்கவில்லை. உள்ளே வெகு தொலைவில் மூவரின் குரல் எழுந்தது. “ஓய்!”

உடனே பதில் வந்தது. “வாரேன்!”

என் பேத்தி என் எதிரே நின்றாள். அவள் உதடுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை. எங்கள் பின்னால் வந்து நின்ற ஆசிரியைக்கும் அது கேட்டது. எதிரணிப் பெண் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எக்கோங்கய்யா அது,” என்றார் ஆசிரியை. “கோழிப்பண்ணைத் தகரத்துல பட்டுத் திரும்பும்.”

“எக்கோவா இருந்தா ‘ஓய்’னுதானுங்களே திரும்போணும்?” என்றேன்.

என் பேத்தி குரல் கொடுக்க வாயெடுத்தாள், நிறுத்தினாள். அவள் ‘வாரேன்’ என்றால் அதுவும் ‘வாரேன்’ என்னும். இரண்டில் எதை நம்பி அவர்கள் வருவார்கள்? அவள் யோசித்தது ஒரு கணம்தான். படலின் மேல் ஏறி நின்றாள். அத்தனை பள்ளிகளின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஏய்! கட்டவண்டி இங்க நிக்குதுடி! அச்சு முறிஞ்ச கட்டவண்டி! கடவுகிட்ட நிக்குதுடி! திரும்புங்கடி!”

யாரோ சிலர் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே இருந்த குரல் அதைச் சொல்லவில்லை. ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

முதலில் காலடிகள் கேட்டன. பிறகு மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மூட்டத்திலிருந்து வெளியே வந்து விழுந்தார்கள். நெட்டைப் பெண்ணின் ஒரு காலில் ஷூ இல்லை.

“நீ எப்படிடி இங்க இருக்கறே?” என்றாள் அவள். “முன்னாலயே போயிட்டிருந்தயே. கூப்படறப்பெல்லாம் வாரேன் வாரேன்னு சொல்லிட்டு, தள்ளித் தள்ளியே போனயே.”

“குதிரைகிட்டப் போனதும் நின்னுபோச்சு,” என்றாள் கண்ணாடிக்காரி. “அப்பறம் எங்களுக்குப் பின்னாடி கேட்டுச்சு.”

மதியம் வெயில் வந்த பிறகு, நானும் என் பங்காளியும் ஷூவைத் தேடிப் போனோம். குதிரைகளின் நடுவே கிடந்தது. வேறு எதையும் நாங்கள் காணவில்லை. அக்குதிரைகளுக்கு நோன்புக்காகப் புதிதாகக் கண் எழுதியிருந்தார்கள். பங்காளி அவற்றைப் பார்க்காமலேயே ஷூவை எடுத்துக்கொண்டு நடந்தார். நடந்ததை விளக்க எனக்குத் தகுதி இல்லை. பனியில் ஓசை திசை மாறி ஒலிக்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியே இருக்கலாம்.

அடுத்த வாரம் ஆசிரியை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பயிற்சிக்கு அழைத்து வந்து என் கடவின் முன்னே நிறுத்தினார். என் பேத்தி அன்று வீட்டிலேயே இருந்தாள். மூவரும் படலைத் தாண்டவில்லை.

“அவ இல்லாம நாங்க உள்ள போக மாட்டமுங்க மிஸ்,” என்றாள் நெட்டைப் பெண்.

“ஏன்? இந்தப் புள்ள அவளைக் காட்டியும் வெசையா ஓடுவாளே?”

“ஓடுவாங்க மிஸ். ஆனா உள்ள அவ கொரல் கேட்டுச்சுன்னா? அவ எங்க பக்கத்துல இருந்தாத்தானே அது அவ இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்?”

ஆசிரியை கொரங்காட்டைப் பார்த்தார். பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, என் பேத்தியைக் கூட்டி வரச் சொன்னார்.

இப்போது அவர்கள் ஓடும் முறை வேறு. மெதுவாக ஓடுகிறவள் முதலில் ஓடுகிறாள். மற்ற மூவரும் கை எட்டும் தொலைவில் அவள் பின்னே. வேகம் அவளுடையதுதான்; ஆனால் பின்னால் மூவரின் மூச்சைக் கேட்டு ஓடுவதாலோ என்னவோ, அவள் முன்னைவிட விரைந்து ஓடுகிறாள். தை மாதத்தில் வேறோர் ஊரில் நடந்த போட்டியில் நால்வரும் அடுத்தடுத்து வந்து கோப்பையைப் பெற்றார்கள். கட்டவண்டி என்ற பெயர் போகவில்லை. அதைச் சொல்லித்தான் வீட்டு வாசலில் அழைக்கிறார்கள். அவளும் உடனே பதில் கொடுக்கிறாள். ஓடும்போது எவரும் “ஓய்” என்பதில்லை.

விடியற்காலைப் பயிற்சிக்கு இன்றும் நான்தான் கடவில் நிற்கிறேன். முன்பெல்லாம் கடைசிப் பெண் வெளியேறிய பின்னும், வேறு எவரேனும் வருகிறார்களா என்று சற்று நேரம் படலைத் திறந்தே வைத்திருப்பேன். இப்போது நான்காமவளின் குதிகால் தாண்டியதும் சாத்திவிடுகிறேன். முன்னே ஓடும் என் பேத்தி திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் படலின் குறுக்குக் கட்டை விழும் ஓசை காதில் பட்ட பிறகுதான் அவள் ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்குகிறாள்.