என் குடலில் இல்லாதது

மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் இரண்டாவது வாரமும் ஓடியபோது எனக்கு ராத்தூக்கமே போய்விட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு வயிறு கெடாதா என்றாள் மனைவி. சொல்லுவாள், அவளுக்கென்ன! குடல் சுவரில் எதிர்ப்பொருள் உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. வாய் வழியாக வரும் கிருமியைக் குடலில் ஒட்டவிடாமல் தடுப்பது அந்த எதிர்ப்பொருள்தான். என் குடலில் அந்தச் செல்கள் அதை உண்டாக்குவதில்லை. பிறவியிலேயே அப்படி. பிள்ளைகளுக்கும் வரலாம் என்று எனக்குக் கண்டுபிடித்த அன்றே சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் நான் மறக்கவே இல்லை.

பத்மநாபன் கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் எங்கள் தெருவிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம். என் குறையையும் கேட்டுக்கொண்டு மலம், ரத்தம் இரண்டையும் சோதனைக்கு எழுதிக்கொடுத்த டாக்டர், தன் மலையாளத் தமிழில் கேட்டார்.

"வீட்டில வெள்ளம் எங்ஙனயா குடிக்கறது?"

"பதிமுகக் கட்டை போட்டுச் செவக்கச் செவக்கக் கொதிக்க வெச்ச தண்ணிதான், டாக்டர்" என்றாள் மனைவி, பெருமையாக. "கொழந்தை சுடச்சுட எப்படிக் குடிப்பா? கொஞ்சம் கெணத்துத் தண்ணி விட்டு வெளாவிக் குடுப்பேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பின்னே எந்தினா கொதிக்க வெக்கறது? கெணத்தில உள்ள கிருமி அப்படியே வயித்துக்குப் போகுமல்லோ!"

இந்த ஊரில் பாதி வீட்டில் நடக்கிற கூத்துதான். நான் ஃபிளாஸ்கிலிருந்து சூடாகவே குடிக்கிறவன், இதைக் கவனித்ததே இல்லை. பத்மநாபா, தண்ணீர்தான் காரணம் என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மனைவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அதே தண்ணியத்தானே நானும் குடிக்கறேன்? எனக்கு ஒண்ணும் பண்ணலையே!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சட்டென்று என்னைப் பார்த்தாள். தண்ணீர் ஒன்றுதான்; குடல்தான் வேறு.

சோதனை முடிவு வந்தது. மலத்தில் இருந்த கிருமி மருந்துக்குப் போய்விடும். ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் மட்டும் இல்லை. என்னைப் போலவே.

திரும்பும்போது ஆட்டோவில் என் கை அந்த ரிப்போர்ட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. மகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குப்பா பயப்படறே? உனக்கும் இதேதானே? நீ நன்னாத்தானே இருக்கே, அல்லே?"

"ஆமாண்டி கண்ணா. நன்னாத்தான் இருக்கேன்."

அவள் பிறப்பதற்கு முன்னால் இதே வயிற்றுப்போக்கில் நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்ததை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.