வீட்டு எண்

கீரமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளியில் அன்புமொழி பதினொன்றாம் வகுப்பின் டீச்சர். பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்டறியும் செயலி வந்தபோது அவளுக்குத்தான் அதிக மகிழ்ச்சி. யாரை முதலில் கவனிப்பது என்று அதுவாவது சொல்லுமே.

தன் செல்போனில் அதைத் திறந்து மாணவி கலைமதியிடம் நீட்டினாள்.

"யாருக்காச்சும் தெரிஞ்சிருமா டீச்சர்?"

"ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான். உள்ளதப் போடு."

அவள் உள்ளதைப் போட்டாள். தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடக்கிறது, படிப்பு நின்றுவிடும், தூக்கமே வரவில்லை. அவள் பெயர் சிவப்பாகி எல்லோருக்கும் மேலே போய் நின்றது. ஆலோசகரை வரச்சொல்லி அன்புமொழி அப்போதே போன் செய்தாள்.

அதற்குள் செயலி தானாகவே வீட்டு எண்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. கலைமதியின் அப்பா சவூதியில் இருக்கிறார். உள்ளூர் எண் வேண்டுமென்று சேர்க்கையின்போது அன்புமொழியே கேட்டு வாங்கிப் பதிந்தது, அதே தாய்மாமன் செம்மலின் எண்.

மறுநாள் காலையிலேயே செம்மல் வந்துவிட்டான்.

"எங்க பிள்ளைக்கு மனசு சரியில்லன்னு மெசேஜ் வருது. இங்கிட்டு இதத்தான் சொல்லிக்குடுக்குறீங்களா? டீசியக் குடுங்க."

"அவ அப்பாகிட்ட நான் பேசுறேங்க."

"மச்சான்தான் கூட்டியாரச் சொன்னாரு."

பின்னால் நின்ற கலைமதி டீச்சரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தலைமையாசிரியர் செயலியைத் திறந்து பார்த்தார். "பெத்தவங்களுக்குத் தகவல் போயிருச்சும்மா. நம்ம மேல குத்தமில்ல."

அன்று மதியம் மீதிப் பெண்கள் வரிசையாக வந்து பதில் போட்டார்கள். ஒருத்திக்கும் ஒரு கவலையும் இல்லை. திரை முழுக்கப் பச்சை.