தட்டைப் பார்க்கும் கண்கள்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அக்காவின் மகனும் மகளும் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேசவே வராது. ஆனாலும் உறவினர்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடக்கத்தன்று, பெட்டியில் வைத்த அக்காவை யாரும் படம் எடுக்கக்கூடாது என்று தடுத்தவள் நான். அதற்கான காரணம் அக்காவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அக்கா ராயபுரத்தில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஓர் ஒண்டுக் குடித்தன வீட்டில் பிறந்தார்கள். அவர்கள் மூத்தவர்கள், நான் கடைசி. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலை. இரும்புத் தாது ஏற்றும் நாளில் தலை முதல் கால் வரை செக்கச்செவேல் என்று வருவார்கள். அம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் கோயில் பீடத் துணிகளுக்குப் பூ வேலை கற்றுக்கொண்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்கள். அதுவரை அம்மாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அடக்கத்துக்கு முன்னால் சித்தப்பா ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்தார். பெட்டியைக் கொஞ்சம் நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, சுற்றி எங்களை நிறுத்தி எடுத்தார்கள். எங்கள் பக்கம் அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். எல்லாரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் குனிந்து நிற்கிறேன். சித்தப்பா அதற்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, நைனா சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டினார்.

அன்றிலிருந்து நைனா வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். துறைமுக வாசலில் எதையாவது தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்வார்கள். சில நாள் வரவும் மாட்டார்கள். ஒருநாள் அக்கா தட்டோடு போய் நின்றார்கள்.

"ஒரு வாய் துன்னு நைனா."

"கண்ண மூடிகினு கீறவ எதிர்ல எப்டிம்மா எறங்கும்?"

"அப்ப கழட்டிடட்டா?"

"கழட்டாத. அவ மொகம்னு நம்மகிட்ட வேற இன்னா கீது?"

சித்தப்பா வேறு ஒரு யோசனை வைத்திருந்தார். "சின்னத போர்டிங்ல வுட்டுடு அண்ணே. பெரிசுக்கு ஒரு எடம் பாத்து அனுப்சிடலாம். ஊடா இது?" என்றார். நைனா, "வருசம் கழியட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். நான் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அம்மாவின் முதல் நினைவு நாளுக்குள் துணியில் தைத்தாவது அம்மாவுக்குக் கண் திறந்துவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தது அப்போதுதான். பூவும் இலையும் தவிர ஒரு முகத்தை அவர்கள் அதுவரை தைத்ததில்லை.

போட்டோவில் அம்மாவின் முகம் நாலணாக் காசு அளவு இருந்தது. அக்கா அதன்மேல் எண்ணெய்த் தாளை வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டார்கள். வேறொரு தாளில் பெரிய கட்டங்கள் போட்டு, சின்னக் கட்டத்தில் எந்தக் கோடு எங்கே போகிறதோ அதைப் பெரிய கட்டத்தில் வரைந்தார்கள். கட்டம் எதையும் விடாமல் கொண்டுவந்துவிடும். மூக்கில் வைத்த பஞ்சும் தாடைக் கட்டும் கூட வந்துவிட்டன. அக்கா அவற்றை ரப்பரால் அழித்தார்கள். அம்மாவின் மூக்கு அக்காவுக்குத்தான் வந்திருந்தது. அதனால் தன் மூக்கைத் தடவித் தடவிப் பார்த்து வரைந்தார்கள். பிறகு கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, தாளைக் கெட்டியான வெள்ளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைப் பஞ்சால் தேய்த்தார்கள். தாளை எடுத்தால் துணியில் அம்மா புள்ளி புள்ளியாக இருந்தார்கள்.

நூல் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாயம்மா. அவர்கள் வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் நூல் கடை. ஒரு நூலில் ஆறு இழை முறுக்கியிருக்கும். முகத்துக்கு அக்கா அதைப் பிரித்து ஓரிழையாகத்தான் கோர்த்தார்கள். நீளத் தையல் ஒன்று, குட்டைத் தையல் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் ஒரு நிறம் அடுத்த நிறத்தோடு கலந்து தோல் போலத் தெரியும். புடவைக்கு மட்டும் நூல் வாங்கவில்லை. அம்மா வீட்டில் கட்டிய பச்சைப் புடவையின் கிழிந்த முனையிலிருந்து இழை உருவிக்கொண்டார்கள். அது நைந்த நூல், நாலு தையலுக்கு ஒரு முறை அறுந்துபோகும்.

கறுப்பு வெள்ளைப் போட்டோவில் தாடைக்குக் கீழே நிழல் கறுப்பாக இருந்தது. அக்கா பார்த்தபடியே கறுப்பு நூல் போட்டுவிட்டார்கள். பாயம்மா வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

"இன்னாடி இது! ஒங்கம்மாளுக்குத் தாடி மொளச்சிக்கீது? எங்கூட்டு பாய் தோத்தாரு போ!"

அக்கா அழ ஆரம்பித்துச் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

தாடியைப் பிரித்த பிறகு அக்கா என்னை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தார்கள். உயிரோடு இருக்கிற முகத்தில் நிழல் கறுப்பாக விழாது, புளி நிறத்தில்தான் விழும் என்று என் கழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அம்மாவின் கண் அப்படியே எனக்கு வந்திருப்பதாக எல்லாரும் சொல்வார்கள். அதனால் கண்ணுக்கும் என்னையே உட்காரவைத்தார்கள். அங்கேதான் தொல்லை. எனக்கு யார் முகத்தையும் நேராகப் பார்க்க வராது.

"என்னப் பாருடி பாப்பா. தரையில இன்னா கொட்டிக் கெடக்குது?"

"வெக்கமா கீதுக்கா."

"அக்காகிட்ட இன்னாடி வெக்கம்? போர்டிங்ல போய் யாரடி பாக்கப் போற?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிடும். அழுத கண்ணைப் பார்த்து எப்படித் தைப்பது? தைத்தார்கள், பிரித்தார்கள், மறுபடி தைத்தார்கள். ஒரே இடத்தில் ஊசி ஏறி ஏறித் துணி சல்லடையாகிவிட்டது. இனி ஒரு முறை பிரித்தால் கிழிந்துவிடும் என்ற நிலையில் நினைவு நாளும் நெருங்கிவிட்டது. அக்கா என்னை மிரட்டுவதை விட்டுவிட்டு, நான் பார்த்தபடியே தைத்து முடித்தார்கள். இமை பாதி இறங்கி, பார்வை தரையில் விழுந்தது.

"போச்சு. அம்மா நம்மளப் பாக்கல" என்று ஊசியைக் குத்தி வைத்தார்கள்.

நினைவு நாளுக்கு முந்தின நாள் போட்டோ இருந்த இடத்தில் அதை மாட்டினோம். நைனா பகல் வேலை முடிந்து சிவப்புத் தூசியோடு வந்தார்கள். படத்தைப் பார்த்தபடி நின்றார்கள். குளிக்கவில்லை. அந்தப் பக்கம் போய், படத்துக்கு நேர் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஒங்கம்மா என் மூஞ்சப் பாத்தா சோறு போட்டா? தட்டத்தான் பாப்பா. காலியாச்சா இல்லியான்னு" என்றார்கள். பிறகு, "போடும்மா. கேக்குறா பாரு" என்றார்கள்.

அக்கா சோறு போட்டார்கள். நைனாவின் கையிலிருந்த தாது சோற்றில் ஒட்டியது. அதோடேயே சாப்பிட்டார்கள். மறுநாள் பூசை முடிந்து சித்தப்பா என் பேச்சை எடுத்தபோது, "சின்னது எங்கியும் போவாது. அது கண்ணு எனக்கு ஊட்ல வோணும்" என்று முடித்துவிட்டார்கள். போட்டோ துணிப் பெட்டிக்கு அடியில் போனது.

அதன்பின் அக்கா யானைக்கவுனியில் ஒரு கடைக்குப் பூ வேலை செய்து கொடுத்து வீட்டைத் தாங்கினார்கள். இறந்தவர்களின் போட்டோவோடு எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். "மொகம் மட்டும் கேக்காதம்மா, பூ எத்தினி வோணா போட்டுத் தரேன்" என்று அனுப்பிவிடுவார்கள். எர்ணாவூரில் கல்யாணம் ஆனபோது நைனாவும் நானும் கூட வருவோம் என்று சொல்லித்தான் சம்மதித்தார்கள். அதை ஏற்றுக்கொண்ட மாமா தங்கமான மனிதர். அம்மா படமும் வந்தது. நைனா கடைசி வரை அதற்குக் கீழேதான் சாப்பிட்டார்கள்.

கடைசி வருடங்களில் சர்க்கரை வியாதி அக்காவின் பார்வையை எடுத்துக்கொண்டது. கடைசி மாதத்தில் ஒருநாள் படத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுக்கச் சொன்னார்கள். மடியில் வைத்து விரலால் தடவினார்கள். துணி நைந்த இடம் வந்ததும் விரல் நின்றது.

"இங்கதான் நீ குனிஞ்ச. நேரா பாத்திருந்தீன்னா அம்மா தெருவப் பாத்துகினு இருந்திருக்கும், நைனா பட்டினியா கெடந்திருக்கும்" என்று சிரித்தார்கள். நான் அவர்கள் முகத்தை நேராகப் பார்த்தேன். பார்த்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அடக்கத்தன்று கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம்" என்று சத்தம் போட்டேன். அக்கா கண் மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு அவர்களின் பிள்ளைகள் சாப்பிட முடியாமல் போகக்கூடாது. இந்த மலரின் முதல் பக்கத்தில் இருக்கும் படம், அக்கா கண் தெரிந்த நாளில் ஊசியில் நூல் கோர்க்கும்போது பேத்தி எடுத்தது.

மனம் நொந்தாலும் மறுபேச்சில்லாமல் கேமராவை உள்ளே வைத்த சித்தப்பா மகனுக்கும், மருந்தும் ஜெபமுமாகத் துணை நின்ற டாக்டர் அம்மாவுக்கும் பங்குத் தந்தைக்கும், அடக்கத்தன்று வந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு கொண்டுவந்த பாயம்மா வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாள் பூசைக்குப் பிறகு எல்லாரும் வீட்டுக்கு வர வேண்டும். அம்மா படத்துக்குக் கீழே இலை போட்டிருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். மேலிருந்து இலையைப் பார்க்க ஆள் இருக்கிறது.