நெளி மிட்டாய்

தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் கடலைமிட்டாய்க் கம்பெனியை மதினியும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். அண்ணன் லாரியோடு வடக்கே போய்விடுவான். வெல்லப் பாகு கொதிக்கும் ஆவியில் மத்தியான வெயில் மஞ்சளாகக் குழையும். கடலை புடைக்கும் பெண்களின் பேச்சு எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். அந்த மயக்கத்திலேயே என் இருபதுகள் போயின.

ஊரில் எல்லோரும் மிட்டாயை நேராக வெட்டினார்கள். எங்களுடையதற்கு ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும், துண்டும் கொஞ்சம் பெரிது. அதை வெட்டும் உருளையை மதினி ஒரு லேத் பட்டறைக்காரரிடம் சொல்லிச் செய்திருந்தாள். கவரும் டப்பாவும் அந்த அளவுக்கே அச்சடித்து வந்தன. பிள்ளைகள் "நெளி மிட்டாய்" என்று கேட்டு வாங்குவதாகக் கடம்பூர்க் கடைக்காரர் சொன்ன அன்று மதினி நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

தீபாவளிக்கு முந்தின மாதம் ஒருநாள், பலகைமேல் ஓடிக்கொண்டிருந்த உருளை டக்கென்று நின்றது. நடுக்கம்பி ஒடிந்து, அதில் கோத்திருந்த நெளிச் சக்கரங்கள் மோதிப் பெயர்ந்திருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு பலகையோடு இறுகியது.

மற்ற பட்டறைகளில் கையை விரித்தார்கள். "செஞ்சவியகிட்டயே போங்க." உருளையைச் செய்தவர் பட்டறையோ பூட்டிக் கிடந்தது. விளாத்திகுளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள்.

உருளையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இருபுறமும் கரிசல் ஈரத்தில் மினுங்க, வானம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது. மதினி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தப் பயணம் முடியாமல் போய்க்கொண்டே இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

கண் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அவர். உருளையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தச் சக்கரம் பழைய பருத்தி மில்ல உடைச்சப்பக் கெடைச்சது தாயி. அதுல மிச்சம் இல்ல. எனக்கும் இனிமே லேத்துல நிக்க முடியாது."

"வேற யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கியளா அண்ணாச்சி?"

"யாரு கேட்டா? நெளி உருளைய நீங்க ஒருத்திதான கேட்டிய."

திரும்பும்போது மதினி தூங்கவில்லை. "நாளைக்கே சந்தையில விக்கிற உருளைய வாங்கிருவோம். ரெண்டா வாங்குவோம்" என்றாள்.

"அச்சடிச்ச கவரு?"

"கத்தரிச்சுச் சுத்துவோம். என்ன செய்ய?"

ஒவ்வொரு கவராகக் கத்தரித்துச் சுற்றியதில், அந்தத் தீபாவளிக்குப் பாதிக் கடைகளுக்குத்தான் சரக்குப் போனது. நேர் ஓரத்தைப் பார்த்ததும் கடம்பூர்க்காரர், "இது ஒங்க மிட்டாயே இல்லையே" என்று டப்பாவைத் திருப்பித் தந்தார். மதினி அதை வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, அந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள்.

"ருசி அப்படியேதான இருக்கு?" என்று கேட்டாள்.

அப்படியேதான் இருந்தது. பொங்கலுக்குள் கோவில்பட்டிக் கடைகள் எல்லாம் எங்களிடமே திரும்ப வந்துவிட்டன. கடம்பூர்க்காரர் மட்டும் கடைசிவரை வரவில்லை.