பின்கட்டுக்குப் போன மிக்ஸி

சமையலறை ஸ்பீக்கர் கருகவில்லை. அதன் வயரை உருவியவன் நான். ஒன்பது வருடம் என் மனைவியை ஏமாற்றினேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர். டிவி, ரேடியோ, போன் மூன்றும் அதில்தான் வந்து சேரும். எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு குமிழ். ஹாலிலும் சமையலறையிலும் ஸ்பீக்கர் இருந்தாலும், இரண்டிலும் ஒன்றுதான் கேட்கும். மாலை நாலரைக்கு ரேடியோவில் தமிழ்ப் பாட்டு. மாவு ஒட்டிய கையோடு அவள் வந்து குமிழைத் திருப்புவாள். என் கிரிக்கெட் ஊமையாகிவிடும். ஒருமுறை கடைசி ஓவரில் அப்படி ஆனது. மறுநாள் அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் அந்த வேலையைச் செய்தேன்.

"மிக்ஸி ஓடுறப்போ கரண்ட் ஏறி இறங்கி ஸ்பீக்கர் கருகிப்போச்சு. மிக்ஸி அங்கேயே இருந்தா ஆம்ப்ளிஃபயரும் போயிடும்" என்றேன். இயற்பியல் படித்தவன் சொல்கிறேனே என்று நம்பினாள். மிக்ஸி பின்கட்டுக்குப் போனது. தேங்காயும் மிளகாயும் தட்டில் ஏந்தி, தினமும் இரண்டு படி இறங்கிப் போய் அரைத்து வந்தாள். பாட்டு கேட்பதையே விட்டுவிட்டாள்.

போன மழைக்காலத்தில், முட்டிவலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் படி இறங்கியதைப் பார்த்தேன். அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்போ மிக்ஸியால ஒண்ணும் ஆகலியா?"

"ஒண்ணும் ஆகல."

தேங்காய்த் தட்டை என் கையில் வைத்தாள். "சட்னிய நீங்களே போய் அரைங்க. படி வழுக்கும், பாத்து."

மூன்று வாரம் அரைத்தேன். வயரை மட்டும் மாட்டினால் பழைய சண்டைதான் திரும்பும். எர்ணாகுளத்துக் கடைக்காரரிடம் வழி கேட்டேன். "சேட்டா, ஒரு ஆம்ப்ல ஒரு பாட்டுதான் வரும். வீட்டுல ரெண்டு பேருன்னா ரெண்டு ஆம்பு" என்றார். இதைச் சொல்ல அவர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை.

சமையலறை அலமாரியில் சின்னதாக இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வைத்து, அங்கிருந்த ஸ்பீக்கரை அதில் மாட்டினேன். டிவி, ரேடியோ, போன் ஒவ்வொன்றின் வயரையும் இரண்டாகப் பிரித்து இரண்டிலும் கொடுத்தேன். முதல் தடவை வயர் மாறிவிட்டது. அவள் ரேடியோவுக்குத் திருப்பினால் டிவியில் செய்தி வாசிப்பவர் பேசினார்.

"எனக்குன்னு தேடிப்பிடிச்சு இவரையா கூட்டிட்டு வந்தீங்க?"

மறுபடி கழற்றி மாட்டினேன். புதுக் குமிழைச் சுற்றி நான் தமிழில் எழுதி ஒட்டிய பெயர்களை அவள் பிய்த்துப் போட்டாள்; அவள் பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம், தமிழ் எழுத்து தெரியாது. ரேடியோவுக்குச் சிவப்பு, டிவிக்குப் பச்சை, போனுக்குக் கறுப்பு என்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டாள்.

நாலரை ஆனது. சிவப்புப் பொட்டுக்குத் திருப்பினாள். சமையலறையில் பாட்டு; ஹாலில் என் மேட்ச் அதுபாட்டுக்கு ஓடியது. நான் பின்கட்டுக்குப் போய் மிக்ஸியைத் தூக்கிவந்து பழைய பிளக்கில் மாட்டினேன். அவள் அதை ஓடவிட்டாள். அத்தனை இரைச்சலிலும் பாட்டு நிற்கவில்லை. சத்தத்தை இன்னும் கூட்டி, மிக்ஸிக்கு மேலே குரலெடுத்து அவளும் பாடினாள்.

ஹாலுக்குத் திரும்பி உட்கார்ந்தேன்; கமென்ட்ரி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. குறைக்கச் சொல்ல நான் எழுந்திருக்கவில்லை.