ஒரு போனுக்குள் ஒரு தெரு

போன புதன்கிழமை எங்கள் தெரு முழுவதும் ஒரே ஒரு செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

ஆன்லைன் குறைதீர் கூட்டம். அதிகாரிகள் அலுவலகத்தில் இருப்பார்கள். நாம் இருந்த இடத்திலிருந்தே பேசலாம். நல்ல ஏற்பாடுதானே?

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. எங்கள் ஊரிலிருந்து பாபநாசம் போகும் வழியில் உள்ள வாய்க்கால் பாலத்துக்குப் பக்கச்சுவர் கிடையாது. ஒரு மாதத்துக்கு முன் மழையில் பள்ளி வேனின் பின்சக்கரம் பாலத்தின் விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டது. உள்ளே, எட்டாவது படிக்கும் என் மகளோடு சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேன் ஹாரன் கேட்டால் நான் இன்னும் வாசலுக்கு ஓடுகிறேன்...

அவரவர் போனில் தனித்தனியாகச் சேர்ந்திருக்கலாம். எங்கள் ஊர் வழக்கம் அப்படி இல்லை. மனு ஒன்று என்றாலும் கொடுக்கப் போவது கூட்டமாகத்தான். பின்னால் இருபது பேர் நின்றால்தான் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார் — இது அனுபவத்தில் கற்றது. ஆகவே, வைஃபை உள்ள பஷீர் பாய் மளிகைக் கடையில் கூடினோம். திரையில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர் — 'பஷீர் ஸ்டோர்'.

கூட்டத்தை நடத்தியது ஓர் இளம்பெண். யார் வீட்டிலோ குக்கர் விசில். யாரோ மாட்டை அதட்டினார். "மைக்கை ஆஃப் பண்ணுங்க சார்... ப்ளீஸ்" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, எல்லோர் மைக்கையும் அவரே அணைத்துவிட்டார். "நான் பேர் கூப்பிடுவேன். ஒரு பேருக்கு மூணு நிமிஷம்."

எங்கள் முறை வந்தது. கோவிந்தசாமி மாமாவின் வயல் கடைமடையில் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் அதுவரை வந்து சேரவில்லை. மூத்தவர், முதலில் பேசட்டும் என்று விட்டோம். மேடைகளில் பேசிப் பழகியவர். "மரியாதைக்குரிய..." என்று தொடங்கி, திரையில் தெரிந்த ஒவ்வோர் அதிகாரிக்கும் பதவி சொல்லி வணக்கம் வைத்தார்.

"மாமா, விஷயத்துக்கு வாங்க!" என்றேன் அவர் காதருகே.

"இரும்மா, தாசில்தாருக்கு இன்னும் வணக்கம் சொல்லல."

தண்ணீரைப் பற்றிப் பேச அவருக்கு அரை நிமிடம்தான் மிஞ்சியது. நான் போனைப் பிடுங்கி, "மேடம், எங்க ஊர் பாலத்துல..." என்றேன். மைக் அணைந்தது.

"நன்றி பஷீர் ஸ்டோர். அடுத்து..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க வணக்கத்துலயே எல்லாம் போச்சு மாமா!" என்று கத்திவிட்டேன்.

"அக்கா, மைக்கைத்தானே மூடுனாங்க? கேமரா திறந்துதானே இருக்கு?" என்றார் பஷீர் பாய். "நான் துபாய்ல இருந்தப்ப, சத்தம் வராட்டி வீட்டுக்கு எழுதித்தான் காட்டுவேன்." பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மார்க்கர் பேனாவோடு நீட்டினார்.

'பாலத்துக்குப் பக்கச்சுவர் இல்லை. பள்ளி வேன் போகிறது' என்று எழுதினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. மாமா அட்டையை வாங்கித் தலைக்கு மேல் பிடித்தார். அடுத்து மூன்று பேர் பேசி முடிக்கும்வரை கையை இறக்கவே இல்லை.

"பஷீர் ஸ்டோர்... பின்னாடி நிக்கிறவங்க எல்லாரும் அந்தப் பாலத்துக்காகவா வந்திருக்கீங்க?"

எல்லோரும் கை தூக்கினோம்.

"அய்யோ, ஒருத்தர்னு நெனச்சுட்டேங்க." மைக் திறந்தது. "சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. மைக்குகளை அணைக்காவிட்டால் அன்று குக்கர் மட்டும்தான் மனு கொடுத்திருக்கும். நாங்களும் வணக்கத்தைச் சுருக்கப் பழக வேண்டும். ஆனால், கூட்டம் தொடங்கும்போதே ஒரு கேள்வி கேட்கலாமே... 'உங்க போன்ல எத்தனை பேர் இருக்கீங்க?' போனுக்கு ஓர் ஆள்தான் என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது?

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பாலத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். சுவர் எப்போது வரும்? தெரியாது. மாமாவின் வயலுக்குத் தண்ணீரும் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அவருக்கு நான் அட்டை பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

சுவர் வரும்வரை வேன் பாலத்துக்கு முன்பே நிற்கிறது. பிள்ளைகள் இறங்கி நடந்து கடக்கிறார்கள். இன்று காலையும் போய் நின்று எண்ணினேன்.

இந்தப் பக்கம் பதினொன்று... அந்தப் பக்கமும் பதினொன்று.