பெட்டியைத் துடைத்துக் கொடுத்தவன்

காலையில் குளித்து விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நான் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பிப் பிழைக்கிறோமே என்ற பயத்தில், கும்பிட்டுவிட்டுத் தொடுவது பழக்கமாகிவிட்டது.

அன்றைக்குச் சுவிட்சைப் போட்டதும் வழக்கமான திரை வரவில்லை. கறுப்பாக வந்தது. வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ ஓடியது. டிஸ்க்கைச் சோதித்துப் பார்க்கிறதாம். மகள் படித்துச் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஓரத்தில் ஒரு எண் மெதுவாக ஏறியது. பதினொன்றுக்கு வந்து நின்றுவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், பதினொன்று. மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்து பார்த்தேன், அதே பதினொன்று.

எங்களுடையது சின்னத் தொழில். வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டு ஒரு எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறோம். கம்பெனிகள் வெட்டின பனியன் துணியைக் கொடுப்பார்கள். நாங்கள் நெஞ்சுப் பக்கத்தில் பூவோ பொம்மையோ போட்டுத் திருப்பிக் கொடுப்போம். ஊசி எங்கெங்கே குத்த வேண்டும் என்கிற டிசைனெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

அந்த வாரம் நாங்கள் போட வேண்டியது ஒரு யானைக்குட்டி. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கைக்குழந்தைகளின் பனியனுக்கு. போன வருஷம் நாங்கள் போட்டுக் கொடுத்தது வெளிநாட்டில் நன்றாகப் போயிருக்கிறது. மறுபடியும் அதே யானை வேண்டும், சாயங்காலத்துக்குள் ஒரு துண்டுத் துணியில் மாதிரி போட்டுக் காட்டுங்கள் என்று கம்பெனி அம்மா சொல்லியிருந்தார். காட்டிவிட்டால் மழைக்காலம் முடிகிற வரைக்கும் மெஷின் நிற்காது. காட்டாவிட்டால் மெஷினோடு சேர்ந்து நாங்களும் நிற்க வேண்டியதுதான்.

அந்த யானையை வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றியவன் எங்கள் டிசைனர். வயதில் சின்னவன், கூடப் பிறக்காத தம்பி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு ஒன்றாகத்தான் நடப்போம். அவன் காலில் கொப்புளம் கண்டால் நான் மருந்து போடுவேன், எனக்குக் கண்டால் அவன் போடுவான். மாலை போட்ட நாட்களில் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. போன மாசம் வேலம்பாளையத்தில் சொந்தமாக ஒரு மெஷின் போட்டுக்கொண்டு போனான். எனக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. அந்த மெஷினுக்கு முதல் சூடம் காட்டியதே நான்தான்.

அதனால் அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

"டிஸ்க் செக் வந்து நிக்குதுங்களாண்ணா? அது ஒண்ணுமில்லீங்க. ஆஃப் பண்ணிப் பண்ணிப் போடுங்க, தானாச் சரியாயிரும்."

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன் சாமி."

"இன்னைக்கு லோடு இருக்குதுங்கண்ணா. போடுங்க, வந்துரும்."

முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே அணைத்து அணைத்துப் போட்டேன். பதினொன்றில் நின்றது அடுத்து ஏழில் நின்றது. பிறகு எண்ணே வரவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க, ஆயுத பூஜைக்கு உள்ளுக்குள்ள எல்லாம் சந்தனம் வெச்சீங்களே. அதுதான் போய் அடைச்சிருச்சோ என்னமோ."

எனக்குப் பகீர் என்றது. ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் கத்தரியிலிருந்து மெஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். மற்றவர்கள் கம்ப்யூட்டருக்கு மேலாக வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். உழைப்பதெல்லாம் உள்ளே இருக்கும்போது வெளித் தகரத்துக்கு மட்டும் மரியாதை செய்தால் எப்படி என்று எனக்குத் தோன்றும். பெட்டியைத் திறந்து, காற்றடித்துப் பஞ்சுத்தூசியை எல்லாம் விரட்டிவிட்டு, கைக்கு எட்டுகிற ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். கும்பிட்ட கையாலேயே பிழைப்பைக் கெடுத்துக்கொண்டேனா? படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவருக்கு போன் போட்டேன். மத்தியானம் அந்தச் சர்வீஸ்காரர் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டரைப் போட்டு, சோதனை தொடங்குவதற்குள் ஒரு பட்டனைத் தட்டி அதைத் தாண்ட வைத்தார். கறுப்புத் திரை போனது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த திரையில் ஒரு வளையம் சுற்றிச் சுற்றி அப்படியே உறைந்துவிட்டது. அவர் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"என்னண்ணே, உள்ள ஒரு கோயிலே கட்டி வச்சிருக்கீக!"

"சந்தனம் உள்ள போயிருச்சுங்களா?"

"அட நீங்க வேற. டிஸ்க்குங்கறது மூடுன டப்பா. பாலாபிஷேகம் பண்ணியிருந்தாத்தேன் பயப்படணும்."

வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். எனக்கும் பாரம் இறங்கியது. அவர் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தார். "ஃபேனுக்குக்கூடப் பொட்டு இருக்கு, இதுக்கு மட்டும் வைக்கலையாக்கும்? அதான் கோவிச்சுக்கிட்டு நின்னுருச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. டிசைனெல்லாம் குடியிருப்பது அதில்தான் என்று மகள் முன்பே காட்டியிருந்ததால், முதல் பொட்டே அதற்குத்தான் வைத்தேன். மற்றதைவிடப் பெரிதாகவும் வைத்தேன். வாங்கிப் பார்த்தேன். அழித்த சுவடோ, காய்ந்த துளியோ ஒன்றும் இல்லை. விளிம்பில் கீறல் விழுந்த, நிறம் மங்கிய பழைய டிஸ்க்.

"இது எங்களுது இல்லீங்க" என்றேன்.

அவர் லேபிளைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. "ரொம்பப் பழசுண்ணே. வேற எதுலயோ கழட்டுனது. உங்க டிஸ்க்குல இருந்தத அப்படியே இதுல ஏத்தி மாட்டியிருக்காக. பாத்தா வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நாள் ஓடும், அப்பறம் நின்னுரும். பூசைக்கு அப்பறம் பெட்டிய யாரு தொறந்தா?"

எனக்கு முன்னால் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். "தம்பிதானுங்க. போறதுக்கு மொத நாளு, பொட்டியத் தொடச்சுக் குடுத்துட்டுப் போறேன்னு உக்காந்தான். நான்கூட, போற நேரத்துலயும் எவ்வளவு அக்கறைன்னு ஊத்துக்குளி நெய்யை ஊத்தி ஊத்திச் சோறு போட்டேன்."

சர்வீஸ்காரர் என்னைப் பார்த்தார். "அணைச்சு அணைச்சுப் போடச் சொன்னதும் அவருதானா? சாகக் கெடக்குற டிஸ்க்க அப்படிப் பண்ணவே கூடாதுண்ணே. இருந்த கொஞ்ச உசுரையும் அதுதான் எடுத்துருச்சு."

பழைய டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி, வருகிற மட்டும் எடுத்துக் கொடுத்தார். ரோஜா வந்தது, நங்கூரம் வந்தது, கரடி வந்தது. யானைக்குட்டி வரவில்லை. எத்தனையோ விதமாகப் பார்த்தார், அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நின்றது. புது டிஸ்க் மாட்டி, எல்லாவற்றையும் ஏற்றிக் கம்ப்யூட்டரை ஓட வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். கிளம்பும்போது, "இதுக்கும் ஒரு பொட்டு வச்சிருங்கண்ணே" என்றார். நான் வைக்கவில்லை.

கம்பெனி அம்மாவைக் கூப்பிட்டேன். போன வருஷம் போட்ட மாதிரித் துணி ஒன்று கையில் இருக்கிறது, அதைப் பார்த்து இன்னொரு டிசைனரிடம் மறுபடி போட்டுத் தருகிறேன், ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"பரவால்லீங்க, மாதிரியை உங்க தம்பியே போட்டுக் குடுத்துட்டாரு. ஓகேவும் ஆயிருச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு அவரையும் ஒண்ணு போடச் சொல்லியிருந்தேன். உங்க சிஸ்டம் ரிப்பேருன்னு அவரு போன வாரமே சொல்லிட்டாருங்களே?"

போன வாரம் என் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு வேலம்பாளையம் போனேன். வாசலில் நிற்கும்போதே மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே வெள்ளைத் துணியில் வரிசையாக யானைக்குட்டிகள் தும்பிக்கை தூக்கிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"வாங்கண்ணா, உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் திரும்பத் திட்டியிருப்பேன்.

"காப்பி எடுத்துட்டுப் போயிருக்கலாமே சாமி? வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"நான் வரைஞ்ச யானைதானுங்களேண்ணா."

"நீ வரைஞ்சதுதான். அதுக்கு ஏன் எங்கூட்டு டிஸ்க்கக் கழட்டிட்டுச் செத்ததக் கொண்டாந்து மாட்டுன?"

துணியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் தலையைத் தூக்காமல் சொன்னான். "ரெண்டு பக்கமும் யானை இருந்தா, புதுசா வந்த எனக்கு எவனுங்கண்ணா குடுப்பான்? நீங்க கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குப் பழகுன கம்பெனி நெறைய இருக்குது."

டீ வந்தது. குடிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் ஒன்றே மனசில் ஓடியது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திறந்தபோது, நான் வைத்த பொட்டை அவன் பார்த்திருப்பான். பார்த்துக்கொண்டேதான் கழற்றியிருப்பான்.

அந்த வாரமே கிருத்திகை வந்தது. கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். முருகன் மேலும் எனக்குக் கோபம். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஒரு சின்னக் குறிப்புக் காட்டியிருக்கக் கூடாதா என்று. ஆனாலும் கால் போய்விட்டது. தேங்காய் பழத் தட்டைக் கொடுத்தேன். எங்கள் அர்ச்சகர் பேரெல்லாம் கேட்பதில்லை, வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி மனப்பாடம். என் பேர், நட்சத்திரம் சொன்னார். வீட்டுக்காரி பேர், மகள் பேர் சொன்னார். அடுத்து, எப்போதும் போல, அவன் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

வேண்டாம் சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. தீபாராதனைக்கு நடுவில், இவன் எனக்கு இப்படிச் செய்துவிட்டான் என்று எடுத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி கண்ணை மூடவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு திரும்பி வந்தது. விபூதியைப் பூசிக்கொண்டு, படியிறங்கி வீட்டுக்கு வந்தோம். ஷெட்டில் மெஷின் ஓடாததால் தெருவில் போகிற வண்டிச் சத்தமெல்லாம் உள்ளே கேட்டது.